நான்காம் மாடிக் கிராமம்

பெங்களூரில் இருந்துகொண்டு கிராமத்துக்குப் போகவேண்டுமென்றால் பஸ் ஏறவேண்டும் என்று நினைப்பவர்கள் விவரம் தெரியாதவர்கள். இரண்டாயிரத்தொன்றாம் வருஷத்தில் லிஃப்ட் ஏறினாலே போதும். ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளிக்குச் சற்று முன்னால், நீலக் கண்ணாடி பதித்த ஒரு கட்டடம். தரைத்தளத்தில் வரவேற்பு, அதற்கு மேல் கணக்கு, பணியாளர் பிரிவுகள், அதற்கு மேல் வகுப்பறைகள், மூன்றாவது மாடியில் இயக்குநர். நான்காவது பொத்தானை அழுத்தினால் கிராமம் வரும். கதவு திறக்கும்போது சேவல் கூவும். கதவோடு இணைத்த ஒலிநாடாச் சேவல் என்பதால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிறவர்களுக்கும் அது சலிக்காமல் கூவியது.

கட்டடத்தின் பெயர் தேசிய ஊரக உணர்வு நிறுவனம். நாட்டின் இதயம் கிராமத்தில் இருக்கிறது என்று மேடைக்கு மேடை பேசுகிற அதிகாரிகளுக்கும், அந்த இதயத்துக்குப் பாக்கெட் ஷாம்பு விற்க நினைக்கிற கம்பெனிக்காரர்களுக்கும் கிராமத்தைக் காட்டித் தருவது அதன் வேலை. ஆரம்பத்தில் அவர்களை நிஜக் கிராமங்களுக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். போனவர்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அதையாவது மாத்திரை கொடுத்துச் சமாளித்திருக்கலாம். கிராமத்துக்காரர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்ததைத்தான் சமாளிக்க முடியவில்லை. போட்டுத் தருவதாகச் சொன்ன ரோடு எங்கே என்று ஒரு ஊரில் ஒரு செயலரைச் சுற்றி நின்று கேட்டுவிட்டார்கள். அவர் திரும்பி வந்ததும் ஒரு வாரம் மருத்துவ விடுப்பு எடுத்துக்கொண்டார்.

அன்றைக்குத்தான் இயக்குநர் டாக்டர் கணேசமூர்த்திக்கு யோசனை பிறந்தது. "நாம கிராமத்துக்குப் போறது அடிப்படையிலேயே தப்பு. கிராமம்தான் நம்மகிட்ட வரணும். அதுவும் அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டு வரணும்" என்று அவர் ஆட்சிக்குழுவில் பேசினார். குழு எழுந்து நின்று கைதட்டியது. நான்காம் மாடியைக் காலி செய்து அங்கே ஒரு கிராமத்தை நிறுவ உத்தரவாயிற்று.

கிராமம் என்றால் அதில் ஆள் வேண்டுமே. அதற்கு நடந்த நேர்காணலில் மாட்டியவன்தான் உத்தமன்.

உத்தமன் பெங்களூர் நகரத்து நீலசந்திராவில் பிறந்து நீலசந்திராவிலேயே வளர்ந்தவன். கொள்ளுத்தாத்தா காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பின்னால் வந்து, தண்டு என்று சொல்லப்படும் கன்டோன்மென்ட் பகுதியில் தங்கிவிட்ட குடும்பம். வேலை பார்த்துக்கொண்டிருந்த கைக்கடிகார வார் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அவன் இங்கே மனுப் போட்டது பியூன் வேலைக்கு. இருந்த ஒரே நல்ல பேன்ட்டை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டுதான் கிளம்பினான். ஆடுகோடி தாண்டி பஸ் மாறும்போது ஒரு லாரி பள்ளத்தில் இறங்கி, இடுப்பு வரைக்கும் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போயிற்று. டீக்கடைக்காரர் ஒருவர் பாவம் பார்த்துத் தன் பழைய வேட்டியைக் கொடுத்தார். நேரமாகிவிட்டதே என்று ஓடியதில் செருப்பு வார் அறுந்தது. வார் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் வேலை செய்தவனுக்கு இது ஒன்றுதான் குறைச்சல் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, ஈரப் பேன்ட்டைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

தேர்வுக் குழு அவனைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டது.

"எந்த ஊரு உங்களுக்கு?" என்றார் கணேசமூர்த்தி, கோயிலில் பேசுகிற குரலில்.

"நீலசந்திரா சாரு."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடியும் நீலசந்திராதான் சாரு. எங்க தாத்தாவோட அப்பா தண்டுல தொரைங்களுக்குக் குதிர தேச்சிகினு இருந்தாராம்."

"கால்நடை!" என்று பக்கத்தில் இருந்தவர் பரவசத்தோடு எழுதிக்கொண்டார்.

"மழை வந்தா என்ன செய்வீங்க?"

"ஒழுவுற எடத்துல குண்டான வெப்போம் சாரு."

குழுவில் ஒரு பெண்மணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். உத்தமனுக்கு ஒன்றும் புரியவில்லை. பியூனுக்கு எதற்கு மழையைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று குழம்பினான். ஒருவேளை குடை பிடிக்கிற வேலையும் இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அவனுக்கு அடுத்து உள்ளே போனவர் பெருமாள்சாமி. அரூர் பக்கத்தில் கிணறு வற்றி, நிலத்தைச் சும்மா போட்டுவிட்டு வந்த அசல் விவசாயி. கிராமவாசி வேலைக்கென்றே மனுப் போட்டிருந்தவர். பெரிய ஆபீஸுக்குப் போகிறோமே என்று மச்சான் கல்யாணத்துக்குத் தைத்த பேன்ட்டில் சட்டையைச் செருகி, ஷூ போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார். "இவருகிட்ட கிராமிய அம்சமே இல்லையே" என்று குழு உதட்டைப் பிதுக்கியது. ஆனாலும் ஆள் திடமாக இருந்ததால் கீழே கேட்டில் வாட்ச்மேனாகப் போட்டுக்கொண்டார்கள். நீலசந்திராக்காரன் கிராமத்தானாகவும் அரூர்க்காரர் நகரத்தாராகவும் ஆனது ஒரே காலைப் பொழுதில்.

உத்தமனுக்குக் கிடைத்த பதவி, 'கிராமவாசி, இரண்டாம் நிலை'. மூன்று மாதம் தகுதிகாண் பருவம். அதற்குப் பிறகு நிரந்தரம். நிரந்தரமானால் குடும்பத்துக்கு மருத்துவ அட்டை, அதைக் காட்டினால் நகரத்தின் பெரிய தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் இலவச சிகிச்சை. மற்றதெல்லாம் அவன் காதில் விழவேயில்லை. அட்டை என்ற இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அவன் பெண்டாட்டி மரகதத்துக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. துணிக் கம்பெனியில் நின்றுகொண்டே பட்டன் அடிக்கிறவள், போன மாதம் மெஷின் மேலேயே மயங்கி விழுந்தாள். எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் வாய் மட்டும் குறையவில்லை. ஸ்ரீராம்புரத்தில் பிறந்த வாய் அது. "நீ கிராமத்தானா? மாட்டுக்கு முன்னாடி எது பின்னாடி எதுன்னு தெரியுமாய்யா உனக்கு?" என்று சிரித்தாள். சிரித்தபடியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த வெளுத்த முகத்தைப் பார்த்தபடி உத்தமன் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். இவளுக்காகக் கிராமத்தான் என்ன, காட்டுவாசியாகக்கூட ஆகலாம் என்று நினைத்தான்.

கிராமம் அவன் எதிர்பார்த்ததைவிடக் குளிராக இருந்தது. மத்திய ஏ.சி. குடிசைகள் ஃபைபரால் ஆனவை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் வடிகட்டி பொருத்திய குழாய். தரையில் செம்மண். அதை லால்பாக் பக்கத்து நர்சரியிலிருந்து மூட்டையில் வாங்கிக் காலையில் பரப்புவார்கள். மாலையில் துப்புரவுக்காரர்கள் மெஷின் வைத்து உறிஞ்சிவிடுவார்கள், கார்ப்பெட் கெட்டுவிடும் என்று. உத்தமனின் வேட்டிகளை அழுக்காக்க ஒரு லாண்டரிக்கு ஒப்பந்தம் கொடுத்திருந்தார்கள். வெளுப்பதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட அந்த மனுஷர் முதலில் அழுதேவிட்டாராம். பிறகு பழகிவிட்டார். 'ஏழை', 'பரம ஏழை', 'பஞ்சம்' என்று மூன்று நிறத்தில் மடித்துக் கவரில் போட்டு அனுப்புவார்.

மேற்குப் பக்கம் ஒரு பெரிய ஜன்னல் இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் நிஜமாகவே ஒரு கிராமம் தெரியும். ராகிக் கொல்லை, நாலு தெரு, ஒரு கோபுரம். அந்த ஜன்னலுக்குப் பலகை அடித்துவிட்டார்கள். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு டிஷ் ஆண்டெனா இருந்தது, பெண்கள் நைட்டியோடு ஸ்கூட்டர் ஓட்டினார்கள். பயிற்சிக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துக் கிராமத்தைத் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று இயக்குநர் அஞ்சினார்.

மாடு இல்லாமல் என்ன கிராமம்? ஆடுகோடிக்காரர் ஒருவரின் பசுவைக் காலை பத்திலிருந்து ஒன்று வரை வாடகைக்குப் பேசினார்கள். ஒரு நாள் சரக்கு லிஃப்ட் பழுது. பசுவை மனிதர்களின் லிஃப்டிலேயே ஏற்றிவிட்டார்கள். கூடவே பயிற்சிக்கு வந்த வங்கி மேலாளர்கள் ஆறு பேர். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுபோனது. ஒரு மணி நேரம். பசு தன் இயல்புப்படி நடந்துகொண்டது. கதவு திறந்தபோது மேலாளர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். கிராமத்தைப் பார்க்காமலே வீட்டுக்குப் போனார்கள். ஆனால் கருத்துப் படிவத்தில் ஆறு பேரும் 'மிக ஆழமான அனுபவம்' என்று எழுதியிருந்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து லிஃப்டை வேண்டுமென்றே அரை மணி நிறுத்திவைப்பது பாடத்திட்டத்தில் சேர்ந்தது.

உத்தமனின் வேலை கேட்பதற்குச் சுலபம். கட்டிலில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்க வேண்டும். வானம் இருந்த இடத்தில் குழல்விளக்கு இருந்தது, அதைப் பார்த்தான். ஆட்கள் வந்தால் எழுந்து கும்பிட வேண்டும். எதைக் கேட்டாலும் முதலில் தலையைச் சொறிய வேண்டும். கைக்கடிகாரம் கட்டக் கூடாது. வெகுளித்தனத்துக்கு மாதாமாதம் மார்க் உண்டு. முதல் மாதம் அவனுக்கு மிகக் குறைந்த மார்க். வந்திருந்த ஒரு அம்மாளின் சேலை முந்தானை கிணற்று உருளையில் மாட்டியதும், "மேடம், எக்ஸ்க்யூஸ் மீ, கேர்ஃபுல்" என்று சொல்லித் தொலைத்துவிட்டான்.

கணேசமூர்த்தி அவனை மூன்றாம் மாடிக்கு வரவழைத்தார். கோபப்படவில்லை. வருத்தப்பட்டார்.

"உத்தமன், நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன். கிராமத்தான்னா யாரு? ஒண்ணும் தெரியாதவன். அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னாத்தானே நமக்கு எல்லாம் தெரியும்னு இருக்கும்? நான் இருபத்தஞ்சு வருஷமா கிராமத்துக்காகவே வாழறேன். என்னோட தீசிஸ் கிராமம், வெளிநாட்டுப் பயணம் எல்லாம் கிராமம், பையனை அமெரிக்காவுல படிக்க வெக்கிறது கிராமம். நாளைக்கே எல்லாக் கிராமமும் முன்னேறிடுச்சுன்னு வெச்சுக்குங்க, எங்க கதி என்ன? யோசிச்சுப் பாருங்க."

உத்தமன் யோசித்துப் பார்த்தான். பாவமாகத்தான் இருந்தது. தலையைச் சொறிந்தான். "குட்!" என்றார் கணேசமூர்த்தி.

இருந்தாலும் பயம் விடவில்லை. இரண்டாவது மாதமும் மார்க் குறைந்தால் நிரந்தரம் கிடையாது, அட்டை கிடையாது. மாலையில் கேட்டுக்குப் போய் பெருமாள்சாமியிடம் மன்றாடினான்.

"அண்ணா, நீங்க அசலு. ஊர்ல எப்டி இருப்பீங்கன்னு கொஞ்சம் சொல்லிக் குடுங்கண்ணா."

பெருமாள்சாமி வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றி யோசித்தார். "எப்டி இருப்போம்? சாயங்காலமானா டிவி பாப்போம். கரண்டு போச்சின்னா கரண்டு ஆபீசுக்கு போன் பண்ணித் திட்டுவோம். காலைல தருமபுரி பஸ்ஸு வருதா வருதான்னு ரோட்ட பாத்துக்கினு நிப்போம். அது வராது. அப்புறம் ஆட்டோல போவோம். இதுல என்னா சொல்லிக் குடுக்கிறது தம்பி?"

டிவியும் போனும் உதவாது என்று உத்தமனுக்குத் தெரியும். பஸ்ஸை மட்டும் எடுத்துக்கொண்டான். மறுநாள் ஷாம்பு கம்பெனிக்காரர்கள் வந்தபோது, குடிசை ஓரமாக நின்று நெற்றியில் கை வைத்துத் தீயணைப்புக் கருவி இருந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்ன பார்க்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டார். தலையைச் சொறிந்துவிட்டு, "பஸ்ஸு வருமான்னு பாக்குறேன் சாமி" என்றான். அவர்கள் மனம் இளகிப்போய் அவனோடு சேர்ந்து கொஞ்ச நேரம் பஸ்ஸுக்காக நின்றார்கள். அந்த மாதம் வெகுளித்தனத்தில் அவனுக்கு முழு மார்க். நான்காம் மாடியில் ஒரு பஸ் நிறுத்தம் கட்ட உடனே டெண்டர் விட்டார்கள். திறப்பு விழாவுக்கு ஒரு போக்குவரத்து அதிகாரி வந்து நாடா வெட்டி, "இந்த வழித்தடத்தில் பஸ் விடும் உத்தேசம் எங்களுக்கு இல்லை என்பதைப் பெருமையுடன் தெரிவிக்கிறேன்" என்று பேசினார். அந்த அளவுக்கு உண்மையாகப் பேசிய அதிகாரி அதற்கு முன்னும் பின்னும் அங்கே வந்ததில்லை.

மூன்று மாதம் முடிந்தது. உத்தமன் நிரந்தரமானான். முத்திரை பொறித்த கடிதத்தைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, அட்டை வாங்குவதற்காக முதல் மாடியில் பணியாளர் பிரிவு ஜெயலட்சுமி அம்மாவிடம் ஓடினான். கொஞ்ச நாளாக மரகதத்தால் வேலைக்கே போக முடியவில்லை. படுத்தே கிடந்தாள்.

"கங்க்ராட்ஸ் உத்தமன்" என்றார் ஜெயலட்சுமி. "அட்டை உங்களுக்குக் கிடையாது."

"ஏன் மேடம்?"

"நோடி, இங்க பாருங்க, போன வாரம் ஆட்சிக்குழு ஒரு தீர்மானம் போட்டிருக்கு. கிராமத்துல நடக்கற திட்டத்துக்குத்தான் டில்லியிலேர்ந்து மானியம் வரும்னு சொன்னாங்க. அதனால நாலாவது மாடிய நிறுவனம் கிராமமா அங்கீகரிச்சிருக்கு. ஆஸ்பத்திரி அட்டை நகர ஊழியர்களுக்கு. நீங்க கிராம ஊழியர். உங்களுக்குக் கிராமத்துல என்ன வசதி உண்டோ அது."

"நான் தெனமும் நீலசந்திராலேர்ந்து வர்றேன் மேடம். நைட்டு அங்கதான் படுக்குறேன்."

"ராத்திரி நீங்க எங்க படுக்கறீங்கன்னு நிறுவனம் கேக்கறதில்லை. அது உங்க பர்சனல்." ஜெயலட்சுமி கனிவானவர்தான். அவன் கண் கலங்கியதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு வழி இருக்கு. கிராமத்துல சுகாதார நிலையம் கட்டியாச்சு. அங்க இருக்கற டாக்டர் பேஷன்ட்டைப் பாத்து, நகர ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு சொன்னா, அனுப்பலாம். ரூல் இருக்கு. சம்சாரத்தைக் கூட்டிட்டு வாங்க."

சுகாதார நிலையத்தை உத்தமனும் பார்த்திருந்தான். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், சிமென்ட் நிறம் அடித்த ஃபைபர் கட்டடம். வாசலில் ஒரு பெஞ்சு. கதவில் பூட்டு. டாக்டர் இன்னும் சேரவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருந்தான். மூன்றாம் மாடிக்கு ஏறி விசாரித்தான்.

"டாக்டரா?" கணேசமூர்த்தி ஆச்சரியப்பட்டார். "எந்தக் கிராமத்துல டாக்டர் இருக்காரு? தத்ரூபமா இருக்கணும்னு அந்தப் பதவியை உருவாக்கி, காலியா வெச்சிருக்கோம். அதைக் காலியாவே வெச்சிருக்கறதுக்குன்னு ஒரு துணை இயக்குநர் இருக்காரு. ரெண்டு தடவை டாக்டருங்க வந்து வேலை கேட்டாங்க. அவரு கஷ்டப்பட்டுத் தடுத்துட்டாரு."

"அப்ப என் சம்சாரத்த யாரு சாரு பாப்பாங்க?"

"காத்திருக்கட்டும். காத்திருக்கறதுதான் கிராமத்தோட அழகு."

உத்தமனுக்கு அந்த ஆளின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. கும்பிட்டுவிட்டு வந்தான். மூன்று மாதப் பழக்கம், கை தானாகக் கூப்பிக்கொண்டது. அதற்காக வீடு போய்ச் சேரும் வரைக்கும் தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

அடுத்த வாரம் மரகதத்துக்கு உதிரப்போக்கு நிற்கவேயில்லை. அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் கொடுத்திருந்த தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. என்ன ஆனாலும் ஆகட்டும், அவளைக் கண்ணால் பார்த்தாலாவது ஜெயலட்சுமியின் மனசு இரங்காதா என்று உத்தமன் அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தான். கேட்டில் பெருமாள்சாமி கைத்தாங்கலாகப் பிடித்து லிஃப்டில் ஏற்றிவிட்டார். ஜெயலட்சுமி அன்றைக்கு லீவு. சுகாதார நிலையத்து பெஞ்சில் உட்காரவைக்கும்படி துணை இயக்குநர் சொல்லியனுப்பினார். கதவு திறக்கப்படாது, ஆனால் உட்காரத் தடையில்லை என்றாராம்.

மரகதம் பூட்டிய கதவில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஏ.சி. குளிரில் உடம்பு நடுங்கியது. "இன்னாய்யா இது, வூட்டுக்குள்ள வூடு கட்டி வெச்சிருக்காங்க" என்று சுற்றிலும் பார்த்தாள். உத்தமன் தன் துண்டை எடுத்து அவளுக்குப் போர்த்தினான். அப்போது சேவல் கூவியது.

அன்றைக்குப் பயிற்சிக்கு வந்தவர்கள் டாக்டர்கள். ஒரு வருஷம் கிராமத்தில் வேலை செய்திருக்க வேண்டும் என்று அவர்களுடைய ஆஸ்பத்திரியில் ஒரு விதி. அந்த ஒரு வருஷத்தை இங்கே ஒரு நாளில் முடித்துக்கொள்ளலாம், மதியச் சாப்பாடு உண்டு. பன்னிரண்டு பேர், வெள்ளைக் கோட்டோடு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு லிஃப்டை விட்டு இறங்கினார்கள். முன்னால் கணேசமூர்த்தி.

உத்தமனுக்கு உயிர் வந்தது. ஒரு டாக்டர் கேட்டோம், கடவுள் ஒரு டஜனை அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தான். ஓடிப்போய் முன்னால் நின்றான். தலையைச் சொறியவில்லை.

"டாக்டர், ப்ளீஸ். என் ஒய்ஃபு. ரொம்ப ப்ளீடிங் ஆவுது. கொஞ்சம் பாருங்க டாக்டர்."

கணேசமூர்த்தி முகம் மலர்ந்தார். இப்படி ஒரு காட்சி நிகழ்ச்சி நிரலில் இல்லை. உத்தமன் தானாகவே சேர்த்திருக்கிறான் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"கவனிங்க" என்றார் டாக்டர்களிடம். "பூட்டிய சுகாதார நிலையம். வாசல்ல நோயாளிப் பெண். கணவன் கெஞ்சறான். இந்த இடத்துல நீங்க என்ன உணரறீங்க? பாக்கறதுதான் இன்னிக்குப் பயிற்சி, யாரும் தொடாதீங்க."

"மனசைப் பிசையுது சார்" என்றார் ஒருவர். இன்னொருவர் குறிப்பெடுத்துக்கொண்டார். இன்னொருவர் மரகதத்தின் வெளுத்த உதடுகளைக் குனிந்து பார்த்து, "மேக்கப் பிரமாதம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

"மேக்கப் இல்ல சாரு! நெசம்!" உத்தமன் கத்தினான். குரல் உடைந்து அழுகையாகிவிட்டது. மூன்று மாதமாக எத்தனையோ பொய் சொல்லி நம்பவைத்தவன், ஒரு உண்மையைச் சொல்லி நம்பவைக்க முடியாமல் தவித்தான். "சாமி மேல சத்தியமா நெசம் சாரு! பாருங்க, பொடவையப் பாருங்க!"

டாக்டர்கள் பார்த்தார்கள். பிறகு யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். கணேசமூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, உத்தமனை முதல் நிலைக் கிராமவாசியாகப் பதவி உயர்த்துவதாக அந்த இடத்திலேயே அறிவித்தார்.

மரகதம் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பெஞ்சைப் பிடித்து எழுந்து நின்றாள். முன்வரிசையில் இருந்தது வீணா என்ற சின்ன வயது டாக்டர், கோட்டில் பெயர் குத்தியிருந்தது. அவளும் கைதட்டிக்கொண்டுதான் இருந்தாள். மரகதம் அவள் கழுத்தில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப்பை எட்டிப் பிடித்தாள். மாட்டைக் கயிறு பிடித்து இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டு லிஃப்டுக்கு நடந்தாள்.

"வாம்மா என்கூட. இது கிராமமாம், இங்க வைத்தியம் பாக்க மாட்டீங்களாம். கீழ டவுனு கீது. அங்க போயி பாரு."

வீணா திகைத்துப் போய்ப் பின்னாலேயே போனாள். லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. "நிறுத்துங்க! இது நகரக் குடிபெயர்வு! அது சாயங்கால செஷன்ல வருது!" என்று கணேசமூர்த்தி பின்னாலேயே கூவினார். உத்தமன் அவரை இடித்துத் தள்ளிவிட்டு மாடிப்படியில் ஓடினான். வேட்டி தடுக்கியது. தூக்கிக் கட்டிக்கொண்டு இரண்டு இரண்டு படியாகத் தாவினான்.

அவன் மூச்சிரைக்கக் கீழே வந்தபோது, வரவேற்பறை சோஃபாவில் மரகதம் படுத்திருந்தாள். வீணா தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து நாடி பிடித்துக்கொண்டிருந்தாள். மரகதத்தின் முகத்தில் ரத்தமே இல்லை, வீணாவின் முகத்திலும்தான். வீணா அவள் கண் இமையை இழுத்துப் பார்த்தாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பெருமாள்சாமியைப் பார்த்து, "ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது, வெளிய என் கார் இருக்கு, கேட்டைத் திறங்க" என்று கத்தினாள். பெருமாள்சாமி தொப்பி விழுந்ததைக்கூடப் பொருட்படுத்தாமல் ஓடினார்.

துணை இயக்குநர் படியிறங்கி வந்து உத்தமனின் தோளைத் தொட்டார். நிர்வாகத்தின் முடிவை முறைப்படி தெரிவிக்க வேண்டியது அவருடைய கடமை. உங்கள் மனைவி இப்போது நகரத்தில் இருப்பதால் மருத்துவ அட்டைக்குத் தகுதி பெற்றுவிட்டார், வாழ்த்துகள் என்றார். ஆனால் பணி நேரத்தில் கிராமத்தை விட்டு வெளியேறியதால் உங்களுக்கு வேலை போய்விட்டது, வேலை இல்லாதவரின் மனைவிக்கு அட்டை தர விதியில் இடமில்லை என்றார். உத்தமன் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. மரகதத்தின் காலை ஒரு கையிலும் முதுகை ஒரு கையிலும் தாங்கித் தூக்கிக்கொண்டான். அவள் அவ்வளவு லேசாக ஆகியிருந்தது அவனுக்குப் பயமாக இருந்தது.

கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி வீணா அழுகிற குரலில் சொன்னாள். "ஏம்மா, நிஜம்தான்னு மேலேயே சொல்லியிருக்கலாம் இல்ல?"

மரகதம் கண்ணைத் திறந்தாள்.

"சொன்னமே தாயி. நீங்கதான் கை தட்டிகினு இருந்தீங்க."